இடம் விட்டு நிற்கும் பேரருள்

மார்கழி, தை மாதத்து விடியலில் படாளம் கூட்டு ரோட்டில் நிற்கும்போது நம்மில் எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறோம்? செங்கல்பட்டுக்குப் போகும் பேருந்து வருகிறதா என்று பார்க்கிறோம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் டிராக்டர் எப்போது வழிவிடும் என்று பார்க்கிறோம். கைப்பேசியில் மணி பார்க்கிறோம். அந்த நேரத்தில்தான் நம் தலைக்கு மேலே, வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் இரவைக் கழித்த நாரைகள் வயல்களை நாடிப் புறப்பட்டுப் போகின்றன. கழுத்து முன்னே நீள, கால்கள் பின்னே நீள, அகன்ற சிறகுகள் அவசரமின்றி அசைய, ஓசையே இல்லாமல் ஒரு பேரதிசயம் நம்மைக் கடந்து செல்கிறது. நாம் பேருந்தில் ஏறிவிடுகிறோம்.

நாள்தோறும் நிகழ்வதாலேயே நம் கண்ணுக்குத் தப்பிவிடும் அற்புதங்கள்தாம் எத்தனை! இந்தக் கவனக் குறைவுக்கு மருந்து கண்ட பழம்பெரும் சமயம் ஒன்று உண்டு. யூதர்களின் சமயம் அது. ஒரு நாளைக்கு நூறு முறை இறைவனை வாழ்த்த வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. கண் விழித்ததும், உயிரைத் திருப்பித் தந்ததற்கு ஒரு நன்றி. ரொட்டியைப் பிட்குமுன் ஒரு வாழ்த்து, கனியைக் கடிக்குமுன் ஒரு வாழ்த்து. மின்னலுக்கு ஒன்று, இடிக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று. வசந்தத்தில் கனிமரம் பூத்து நிற்கக் கண்டால், ஆண்டுக்கு ஒருமுறை அதற்கென்று ஒன்று. முப்பது நாள் கடலைக் காணாதிருந்து மறுபடி கண்டால், கடலைப் படைத்தவனுக்கு ஒன்று. இயற்கைக் கடனைக் கழித்துவிட்டு வந்தாலும், உடலுக்குள் எத்தனை துளைகள், எத்தனை வழிகள், அவற்றுள் ஒன்று அடைபட்டாலும் உயிர் தரிக்குமா என்று வியந்து ஒரு வாழ்த்து. படைப்பு நாளில் கதிரவன் நின்ற இடத்துக்கே அது திரும்பி வருவதாகக் கணக்கிட்டு, 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புதன்கிழமைக் காலையில் வெட்டவெளியில் கூடி நின்று வாழ்த்துகிறார்கள். 2009 ஏப்ரல் 8 அன்று அப்படிக் கூடினார்கள். அடுத்த முறை 2037 ஏப்ரல் 8. வாழ்த்தாமல் உலகை நுகர்வது ஆண்டவன் பொருளைத் திருடுவதற்கு ஒப்பாகும் என்று அவர்களுடைய தால்முத் நூல் கற்பிக்கிறது.

இந்த மக்கள் நமக்கு அயலாரும் அல்லர். பதினேழாம் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் சிவந்த பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் சென்னப்பட்டினத்தில் வாழ்ந்தார்கள். முத்தியால்பேட்டையின் பவளக்காரத் தெரு அந்தக் காலத்தை இன்றும் பெயரில் சுமந்து நிற்கிறது. அவர்களுள் ஒருவரான ஜைமே தெ பைவா 1687இல் இந்த மண்ணிலேயே கண்மூடினார். அவருக்கும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யூதர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு வட்டெழுத்தில் செப்பேடு பொறித்து உரிமைகள் வழங்கினான். 1568இல் கொச்சி மட்டாஞ்சேரியில் எழுந்த தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அதன் தரையெங்கும் சீனத்திலிருந்து வந்த நீலப்பூ ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கையால் தீட்டிய அந்த ஓடுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது என்பார்கள்.

அந்தக் கூடத்தில் சிலை இல்லை, படம் இல்லை. மறைநூற் சுருள்களை வைத்த பேழை ஒன்றுதான் உண்டு. ஏனென்றால் யூதர் வணங்கும் இறைவன் ஒருவன்; அவனுக்கு இணை இல்லை, உருவம் இல்லை, தொடக்கமில்லை, முடிவில்லை. காலையிலும் மாலையிலும் அந்த ஒருமையை அறிக்கையிடும்போது வலக்கையால் கண்களைப் பொத்திக்கொள்கிறார்கள். கண்ணால் காணும் எதுவும் அவனுக்கு நிகராகி நெஞ்சில் நின்றுவிடக் கூடாது என்ற எச்சரிக்கை போலும். அவனுடைய நான்கெழுத்துத் திருப்பெயரை அவர்கள் வாய்விட்டு உச்சரிப்பதும் இல்லை. 1138இல் கோர்தோபா நகரில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடஸ், இறைவனைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு புகழ்மொழியும் அவனைச் சிறிதாக்கிவிடும் என்று அஞ்சினார். அவன் இன்னது என்று சொல்ல நமக்குத் திறமில்லை, இன்னது அல்லன் என்று மட்டுமே சொல்லலாம் என்றார். ஆனால் அவனை நேசிக்க ஒரு வழி உண்டு என்றும் அவர் எழுதினார். அவனுடைய படைப்புகளை ஆழ்ந்து நோக்குவதே அந்த வழி. நோக்க நோக்க அன்பு பெருகும். பெருகிய அந்நேரத்திலேயே, இந்தப் பெருவெளியின் முன் நான் எவ்வளவு சிறியவன் என்ற நடுக்கமும் பிறக்கும்.

எருசலேம் ஆலயத்தின் கருவறையைக் காண வேண்டுமென்று கி.மு. 63இல் உரோமத் தளபதி பாம்பே உள்ளே நுழைந்தான். நாடுகள் பலவற்றை வென்றவன், அங்கே ஒரு தெய்வ உருவமும் இல்லாதது கண்டு வியந்து வெளியேறினான். அவனுக்கு அது வெற்றறை. தில்லையில் திரை விலகியதும் வெளியைக் கண்டு கைகூப்பும் நமக்கோ அது விளங்காத செய்தி அன்று. நிறைந்திருப்பதன் முன் நின்று வணங்குவது எளிது. வெறுமையின் முன் நின்று அதன் நிறைவை உணர்வதற்கு நெஞ்சம் கனிய வேண்டும்.

வெறுமையும் படைப்பின் கருவிதான் என்பதை அறிய நாம் எருசலேம் வரை போக வேண்டியதில்லை. படாளத்திலிருந்து மேற்கே திரும்பி வேடந்தாங்கல் போகும் வழியில், நடவு முடிந்த ஏதேனும் ஒரு வயலோரம் நின்றால் போதும். சேற்றில் மெல்ல அடியெடுத்து வைக்கும் நத்தைகுத்தி நாரையின் அலகைப் பாருங்கள். நுனியும் அடியும் சேர்ந்திருக்க, நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. அலகை மூடினாலும் அந்தச் சந்து மூடாது. குஞ்சு பிறக்கையில் அது இருப்பதில்லை. வளர வளர, அந்தப் பறவையின் வாழ்வுக்கு வேண்டிய அளவில் அது விரிகிறது. வயல் நத்தையின் ஓடோ வழுவழுப்பான உருண்டை. அதைப் பற்றிக்கொண்டு, மூடிக்கு அடியில் கீழலகின் நுனியைச் செலுத்தி, ஓட்டையும் உடலையும் பிணைக்கும் தசையை அறுத்து, உள்ளே இருக்கும் சதையை முழுதாக வெளியே எடுத்துவிடுகிறது நாரை. கலங்கிய நீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எந்த மருத்துவரும் வியக்கும் அறுவைச் சிகிச்சை நடந்து முடிகிறது. குறை என்று நாம் எண்ணக்கூடிய அந்த இடைவெளிதான் இதற்கெல்லாம் துணை நிற்கிறது.

யூத ஞானிகளில் ஒருவர் பிரபஞ்சம் முழுவதையுமே இப்படி ஓர் இடைவெளியாகக் கண்டார். 1534இல் பிறந்து, 38ஆம் வயதில் கலிலேயா மலைநாட்டின் சபேத் நகரில் மறைந்த ஈசாக் லூரியா அவர். எங்கும் இறைவனே நிறைந்திருக்கும்போது உலகம் இருக்க இடம் ஏது என்று அவருடைய வழியினர் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பேரொளி தன்னைத்தானே ஒடுக்கிக்கொண்டது, ஒடுங்கி விட்ட வெற்றிடத்தில்தான் விண்ணும் மண்ணும் நாமும் தோன்றினோம் என்பது அவர்கள் கண்ட விடை. நினைத்துப் பார்க்கும்போதே உடல் சிலிர்க்கிறது. படைப்பு என்றால் ஆற்றலின் பெருக்கு என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். ஆற்றலின் அடக்கத்திலிருந்து அண்டங்கள் பிறந்தன என்கிறது இந்தத் தரிசனம். தளிர்நடை போடும் குழந்தையின் கையை விட்டுவிட்டு, விழுந்தால் தாங்கும் தொலைவில் பின்வாங்கி நிற்கும் தாயைப் போல, நாம் நாமாக நடக்கட்டும் என்று அவன் இடம் விட்டு நிற்கிறான். அப்படி விட்டதனால் அவன் விலகிப் போய்விடவும் இல்லை. உலகம் அவனுக்கு இடமன்று, அவனே உலகுக்கு இடம் என்பது இதைவிடப் பழைய யூத ஆசான்களின் வாக்கு.

அருகிருந்தும் அழுத்தாத அந்த அருளுக்கு அவர்கள் தேடிய உவமை பறவைதான். ஆதியில் நீர்ப்பரப்பின் மேல் அசைந்தாடிய தெய்வ ஆவியை, குஞ்சுகளின் மேல் தொட்டும் தொடாமலும் தவழும் தாய்ப்புறாவுக்கு ஒப்பிட்டார் தால்முத் காலத்து ஆசான் ஒருவர். வேடந்தாங்கல் ஏரியில் நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் அந்தக் காட்சியை நாம் பார்க்க முடியும். உச்சி வெயில் ஏறும்போது தாய்நாரை சிறகை விரித்துக் கூட்டின் விளிம்பில் நின்றுகொள்ளும். குஞ்சுகள் மேல் அதன் உடல் படாது, நிழல் மட்டும் படும். வெப்பம் மிகுந்தால் அலகில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் சொரியும். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் வெள்ளை அரிவாள் மூக்கனும் அதே மரங்களில் அடுக்கடுக்காகக் குடித்தனம் நடத்துகின்றன. ஒன்று ஆழத்தில் மீன் தேடும், ஒன்று கரையோரச் சேற்றைக் கிளறும், ஒன்று நீரை அளைந்து அலசும். ஒருவர் இரையில் மற்றவர் கைவைக்காத இந்தப் பங்கீட்டை எழுதி வைத்தவர் யார்?

இந்தக் கூடுகளுக்கு யூதர்களின் மறைநூலில் ஒரு சட்டமும் இருக்கிறது. மரத்திலோ தரையிலோ ஒரு கூட்டைக் கண்டு, தாய் அதில் அடைகாத்துக்கொண்டிருந்தால், தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்கக் கூடாது. தாயைப் பறக்கவிட வேண்டும். சின்னஞ்சிறு கட்டளை. ஆனால் அதற்குச் சொன்ன பலன் நீண்ட ஆயுள். பெற்றோரைப் போற்றுகிறவனுக்குச் சொன்ன அதே பலன்! ஒரு குருவியின் தாய்மையை மதிப்பதையும் பெற்ற தாயை மதிப்பதையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த அவர்களுக்கு மனம் வந்திருக்கிறது. இறைவனின் தன்மையை அவர்கள் எப்படி உணர்ந்திருந்தார்கள் என்பதை இந்தச் சட்டம் நமக்குக் காட்டுகிறது.

சட்டங்கள் பலவற்றிலும் அந்த அடக்கமே மூச்சாக ஓடுகிறது. ஏழு நாளில் ஒரு நாள், வெள்ளி மாலைக் கதிரவன் சாய்வதிலிருந்து சனி இரவு மூன்று விண்மீன் தெரியும் வரை, 39 வகை வேலைகளை விட்டு விலகி, உலகை மாற்றாமல் உலகில் இருக்கிறார்கள். அன்று அடுப்பு மூட்டுவதில்லை, விதைப்பதில்லை, அறுப்பதில்லை. ஏழாண்டுக்கு ஓராண்டு நிலத்துக்கும் ஓய்வு. அந்த ஆண்டில் தானாக விளைவது ஏழைகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் உரியது. விளைந்த வயலின் ஓரத்தை அறுக்காமல் இல்லாதவர்க்கு விட வேண்டும். போரில் ஊரை முற்றுகையிடும்போதும் கனிமரத்தை வெட்டக் கூடாது. இறைவன் தன்னை ஒடுக்கி இடம் விட்டான் என்றால், அவனை நேசிக்கிறவர்களும் அப்படித்தானே வாழ வேண்டும்?

இந்தச் சட்டங்களைக் கேள்விப்பட்டிராத வேடந்தாங்கல் உழவர்கள், தம் போக்கில் அதே அறத்தைக் கண்டடைந்தது நம் மாவட்டத்தின் பெருமை. ஏரியில் வந்திறங்கும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. ஆனால் பயனை மட்டும் எண்ணிப் பாதுகாத்தவர்கள் இத்தனை தலைமுறை நிலைத்திருப்பார்களா? பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. தம் பிள்ளைகளின் ஒருநாள் குதூகலத்தைக் குறைத்துக்கொண்டு, வேற்றூரிலிருந்து வந்த பிள்ளைத்தாய்ச்சிப் பறவைகளுக்கு அமைதியை விட்டுக்கொடுக்கிறார்கள். 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. உலகம் தந்த அந்த ஏற்புக்குப் பின்னால் இந்த எளிய மனிதர்களின் மௌனம் இருக்கிறது.

படாளத்துக்கு வடக்கே பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அகன்ற மணற்படுகை கண்ணில் விரிகிறது. அந்த மணலோடு கிழக்கே போனால் வாயலூர் அருகே கடல். அங்கிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கரையில் நின்று பார்த்தால், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்புக்கு எல்லை கட்டி நிற்பது எது? கையில் அள்ளினால் நழுவிவிடும் மணல். எருசலேமின் இறைவாக்கினர் ஒருவரும் இதைக் கண்டு வியந்திருக்கிறார். மணலைக் கொண்டு கடலுக்கு வரம்பு வைத்தவன் என்று இறைவனை நினைத்து நடுங்கியிருக்கிறார். தை, மாசி இரவுகளில் அதே மணலில் பங்குனி ஆமை ஏறி வருகிறது. குழி பறித்து, நூறு முட்டைக்கு மேலும் இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் வரை அடைகாப்பது மணலின் வெம்மைதான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்வதும் அந்த வெம்மையே. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் இரவில் வெளிவந்து, கடலின் மேல் தெரியும் மங்கிய வெளிச்சத்தை நோக்கி நடக்கின்றன. கரையில் நாம் ஏற்றி வைத்த விளக்குகள் அவற்றின் வழியைக் கெடுத்துவிடுகின்றன. சில இரவுகள் விளக்கை அணைத்துவைத்தால் போதும், ஓர் உயிர்க்கூட்டம் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் கடலை வாழ்த்துவது எப்போதும் எளிதன்று. 2004 டிசம்பர் 26 காலையில் அந்த மணல் வரம்பு நிற்காமல் போனதை இந்தக் கரையின் மீனவக் குப்பங்கள் மறக்கவில்லை. யூத மரபு இந்தத் துயரத்தின் முன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்த யோபு, ஏன் என்று இறைவனிடமே வழக்காடினார். சூறாவளியின் நடுவிலிருந்து வந்த மறுமொழி காரணம் எதையும் சொல்லவில்லை. கடலின் கதவுகளையும், பனியின் கிடங்குகளையும், மலையாடு ஈனும் நேரத்தையும், பருந்தின் பறப்பையும் காட்டியது. துன்பத்துக்கு விளக்கம் கிடைக்காதவர் துணையற்றவர் அல்லர் என்பதை அந்த நூல் உணர்த்துகிறது.

மைமோனிடஸுக்கும் இந்தக் கடல் ஒரு காயத்தைத் தந்தது. அவருடைய தம்பி தாவீது ரத்தின வணிகர். இந்தியாவுக்குக் கப்பலேறியவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். செய்தி வந்தபின் ஏறத்தாழ ஓராண்டு அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பயண வழியில் செங்கடல் துறைமுகத்திலிருந்து தம்பி எழுதிய கடிதம் ஒன்று, எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் இருக்கிறது. அது எப்படிப் பிழைத்தது தெரியுமா? இறைவன் திருப்பெயர் எழுதியிருக்கக்கூடும் என்ற பயபக்தியால், எழுத்துள்ள தாள்களைக் குப்பையில் எறியாமல் தொழுகைக் கூடத்தின் ஓர் அறையில் இட்டு வைப்பது யூதர் வழக்கம். கெய்ரோவின் அப்படியோர் அறையில் அந்தக் கடிதமும் கிடந்தது. உச்சரிக்கவும் அஞ்சிய ஒரு பெயரின் மேல் வைத்த மரியாதை, ஒரு தம்பியின் பாசத்துக்குச் சாட்சியைக் காத்துக் கொடுத்திருக்கிறது. துக்கத்திலிருந்து எழுந்த மைமோனிடஸ், இறைவனின் தன்மையை ஆராயும் தம் பெருநூலை அதன் பிறகே எழுதினார்.

இழந்த ஒருவருக்கு ஈடாக வேறொருவர் வர முடியாது. மன்னன் ஒரே அச்சில் பல நாணயங்களை அடித்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். இறைவனோ ஆதி மனிதன் என்ற ஒரே அச்சிலிருந்து எல்லோரையும் வார்த்தும் ஒருவரைப் போல் ஒருவர் இல்லை என்று யூத ஆசான்கள் வியந்தார்கள். அதனால் ஓர் உயிரைக் காப்பவன் உலகையே காத்தவன் ஆகிறான். இப்படி மனிதனை உயர்த்தியவர்கள், அவன் செருக்குக்கும் மருந்து வைத்தார்கள்: படைப்பின் வரிசையில் கொசு உனக்கு முன்னே வந்தது, மறந்துவிடாதே என்றார்கள். உலகமே எனக்காக என்ற பெருமிதமும், கொசுவுக்கும் பின்னே வந்தவன் என்ற பணிவும் ஒரே நெஞ்சில் சேர்ந்து குடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

காண முடியாத இறைவனைப் பின்பற்றுவது எப்படி என்ற கேள்விக்கும் அவர்கள் விடை சொல்லியிருக்கிறார்கள். அவன் இரங்குகிறான், நீயும் இரங்கு. அவன் பொறுக்கிறான், நீயும் பொறு. நாம் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம்: அவன் இடம் விட்டான், நீயும் விடு. ஏரியின் விளிம்பில் வீடு கட்டாமல் நீருக்கு இடம் விடலாம். பாலாற்றில் மணலுக்கு இடம் விடலாம். கரையோர இரவில் இருளுக்கு இடம் விடலாம். வயதானவர் ஒரே கதையை மறுபடி தொடங்கும்போது, குறுக்கிடாமல் அவர் பேச்சுக்கு இடம் விடலாம். வாதத்தில் வென்றுவிடக்கூடிய நேரத்தில் எதிரில் இருப்பவரின் மானத்துக்கு இடம் விடலாம். அண்டமெங்கும் நிறைந்தவனே தன்னைச் சுருக்கிக்கொண்டு நமக்கு வாழ்வு தந்தான் என்று ஒரு கணம் உண்மையாக உணர்ந்தால், கைப்பிடி மண்ணுக்காக நாம் போடும் வேலிகள் நமக்கே நாணமாக இருக்கும். பொன்னோ பூவோ வேண்டாத அந்த உருவமற்றவனுக்கு நாம் படைக்கத்தக்க காணிக்கை, நம்முடையது என்று பற்றிக்கொண்டிருப்பதில் பிற உயிர்களுக்கென்று நாம் மனமுவந்து விட்டுத்தரும் இடமே.